‘ஃபைனல்’ ஃபைலுக்கு அப்புறம்: செய்த டிசைனைத் திரும்பிப் பார்க்கச் சில வழிகள்

ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு டிசைன் எப்போது முடிகிறது என்று கேட்டால், கஸ்டமர் வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ போட்டதும் என்பார்கள். பிரின்டுக்குப் போகும், காசு வரும், அடுத்த ஃபைல் திறக்கும். வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை ஒரு நாளைக்கு எத்தனை சீமந்த பேனர், எத்தனை கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எத்தனை கல்யாணப் பத்திரிகை இப்படிக் கைமாறுகிறது என்று யார் எண்ணினார்கள்? இந்த ஓட்டத்தில் வேலை செய்கிற பையன்களும் பெண்களும் வார விடுமுறையில் என்னிடம் டிசைன் கற்க வருகிறார்கள். கை வேகம் அபாரம். கோரல் டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரை அரைத் தூக்கத்திலும் ஓட்டுவார்கள். ஆனால், “போன வாரம் செஞ்ச பேனர்ல என்ன கத்துக்கிட்டே?” என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் தேடுவது என்று யாரும் காட்டியதில்லை.

டிசைன் படிப்பில் இதற்கென்றே ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலையைச் செய்து முடித்த பிறகு, அதை எப்படிச் செய்தோம், எந்த இடத்தில் எதை முடிவு செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது. பொதுவாக இதை எழுத்தில் செய்யச் சொல்வார்கள். படமாக, மாதிரியாக, கடிதமாக, விளையாட்டாகச் செய்கிற வழிகளும் இருக்கின்றன. டிசைனருக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிகம் உதவும் என்பது என் கட்சி. ஏன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கை யோசிப்பதும் தலை யோசிப்பதும்

இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் டொனால்ட் ஷோன் என்ற பெயரில்தான் தொடங்குவார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். கட்டடக் கலைஞர், மனநல சிகிச்சையாளர், நகரத் திட்டமிடுபவர் போன்றவர்கள் வேலையில் இறங்கும்போது உண்மையில் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1983-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் இரண்டு யோசனைகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, வேலை நடக்கும்போதே நடக்கிற யோசனை. மற்றது, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்கிற யோசனை.

முதலாவதற்கு அவர் காட்டும் உதாரணம் ஒரு கட்டடக்கலை வகுப்பு. மாணவி ஒருத்தி ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறாள். நிலம் சரிவு. அவள் வைக்கிற கட்டடம் அந்த நிலத்தோடு பொருந்த மாட்டேன் என்கிறது. ஆசிரியர் அவள் வரைந்ததன் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, பேசிக்கொண்டே வரையத் தொடங்குகிறார். ஒரு கோடு போடுகிறார், அதனால் என்ன ஆயிற்று என்று பார்க்கிறார், அதை வைத்து அடுத்த கோடு. வரைபடம் டிசைனரோடு திருப்பிப் பேசுகிறது, டிசைனர் அதைக் கேட்டுப் பதில் சொல்கிறார் என்கிறார் ஷோன்.

இதைப் பார்க்க எம்.ஐ.டி. வரை போக வேண்டாம். கடைப் பலகைக்கு எழுத்து எழுதுகிற பெயின்டர் யாராவது இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் கொஞ்ச நேரம் பக்கத்தில் நில்லுங்கள். ‘ஸ்ரீ’ எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போவார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், அடுத்த எழுத்தைக் கொஞ்சம் ஒல்லியாக்குவார். ஏன் ஒல்லியாக்கினீர்கள் என்று கேட்டால், “இடிக்குதுப்பா” என்பார். அதற்கு மேல் சொல்லத் தெரியாது. ஆனால் அவருக்கு விஷயம் தெரியும். வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி, நமக்குத் தெரிந்தது நாம் வாயால் சொல்ல முடிவதைவிட அதிகம் என்று 1966-ல் எழுதியது இதைப் பற்றித்தான்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. கைக்குத் தெரிந்ததை அப்படியே விட்டால் அது கையோடு நிற்கும். அடுத்தவருக்குச் சொல்லித்தர முடியாது. ‘இடிக்குது’ என்பது கஸ்டமரிடம் பேரம் பேசுகிற இடத்தில் உதவாது. முக்கியமாக, பழகிப்போன ஒரு தப்பும் அதே கையில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆறு கேள்வி நோட்டும் அதன் குறையும்

சரி, வேலை முடிந்ததும் உட்கார்ந்து எழுதினால் போதாதா? அதற்கும் நல்ல ஒரு வழி இருக்கிறது. கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-ல் ஆறு படிகளை வகுத்தார். என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, எது நன்றாக வந்தது எது வரவில்லை, ஏன் அப்படி ஆயிற்று, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். நர்சிங் படிப்பிலும் ஆசிரியர் பயிற்சியிலும் இது இன்றும் பரவலாகப் புழங்குகிறது. நல்ல கேள்விகள். நானும் இவற்றைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வெறும் தாளில் இந்தக் கேள்விகளை வைத்து எழுதச் சொன்னால் என்ன வரும் தெரியுமா? ‘இந்த வேலையின் மூலம் நேர மேலாண்மையையும் பொறுமையையும் கற்றுக்கொண்டேன்.’ பத்துப் பேர் எழுதினால் எட்டுப் பேர் இதையே எழுதுவார்கள். பரீட்சைக்கு எழுதிப் பழகிய கை, சாருக்குப் பிடித்ததை எழுதுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. முடிவு தெரிந்த பிறகு, ‘இது இப்படித்தான் ஆகும்னு அப்பவே தெரியும்’ என்று மனசு நம்பத் தொடங்கிவிடும். பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-லேயே இதைச் சோதனை செய்து காட்டினார். அப்போது பட்ட குழப்பம், தடுமாற்றம், தற்செயலாகப் பிடித்த ஒரு கலர் எல்லாவற்றையும் நினைவு தேய்த்து வழவழப்பாக்கிவிடும். அதனால் நினைவை மட்டும் நம்பாமல், வேலையில் மிச்சமிருக்கிற பொருள்களை எடுத்துவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இனி வருகிற வழிகளில் பெரும்பாலானவை இதைத்தான் செய்கின்றன.

பழைய ஃபைல்களைச் சுவரில் ஒட்டுவது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி இது. எந்த டிசைனரின் கம்ப்யூட்டரிலும் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் ஒரிஜினல்’, ‘ஃபைனல் கரெக்‌ஷன் லாஸ்ட்’ என்று ஒரு வரிசை இருக்கும். எல்லோரும் சிரிக்கிற விஷயம், ஆனால் பொக்கிஷம். ஒரு வேலையின் எல்லா வடிவங்களையும் சின்னதாகப் பிரின்ட் எடுத்து, வரிசையாகச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் சீட்டுகளில் குறிப்பு எழுத வேண்டும். பில் கேவர், ஜான் பவர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-ல் இதற்கு உறவான ஒரு முறையை முன்வைத்தார்கள். செய்த பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றின் மேலேயே குறிப்பு எழுதிச் சேர்த்தால், அந்தத் தொகுப்பே ஒரு வாதமாகிவிடும் என்றார்கள். அவர்கள் வெவ்வேறு டிசைன்களைச் சேர்த்தார்கள். நாங்கள் ஒரே டிசைனின் வெவ்வேறு வடிவங்களைச் சேர்க்கிறோம்.

தண்டையார்பேட்டைப் பெண் ஒருத்தி, பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடை வைத்திருக்கும் உறவுக்காரருக்கு ஒரு போர்டு செய்து கொடுத்திருந்தாள். அத்தோ, மொய்ங்கா, பேஜோ, வாழைத்தண்டு சூப் என்று பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பண்டங்கள். போர்டு ஆறடிக்கு மூன்றடி. அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. “எங்கேயோ சொதப்பிடுச்சு அக்கா” என்றாள், அவ்வளவுதான். எல்லா வடிவங்களையும் ஒட்டச் சொன்னேன். மஞ்சள் சீட்டில், இந்த மாற்றத்தை யார் சொன்னது. ரோஸ் சீட்டில், இந்த இடத்தில் எது காணாமல் போனது. பச்சைச் சீட்டில், யாரிடமும் சொல்லாமல் தனக்கு மட்டும் பிடித்தது எது.

ஒட்டி முடித்ததும் விஷயம் கண்ணுக்கு முன்னால் நின்றது. மூன்றாவது வடிவம் வரை ‘அத்தோ’ என்ற எழுத்து தடிமனாக, விலைப் பட்டியல் அதற்குக் கீழே நன்றாகப் படிக்கும்படி இருந்தது. நான்காவதில் கடைக்காரரின் மகன் போட்டோ இடது பக்கம் வந்தது. அதற்கு மஞ்சள் சீட்டு இருந்தது: ‘மாமா சொன்னார்’. போட்டோவுக்கு இடம் கொடுக்க, விலைப் பட்டியல் ஓரத்துக்குப் போய்ச் சுருங்கியது. அதற்கு மஞ்சள் சீட்டே இல்லை. யாரும் சொல்லவில்லை, யாரும் முடிவு செய்யவில்லை, அது தானாக நடந்துவிட்டது. ரோட்டில் நிற்கிறவன் முதலில் தேடுவது விலையை. போர்டில் சொதப்பல் எங்கே என்று இப்போது அவளால் விரலை வைத்துக் காட்ட முடிந்தது.

இன்னொன்றையும் சுவர் காட்டியது. முதல் வடிவத்திலிருந்து கடைசி வரை மாறாமல் வந்தது, அழுத்தமான ஒரு மஞ்சள் பின்னணி. பச்சைச் சீட்டு அங்கேதான் ஒட்டியிருந்தாள். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை, அது அவளுடைய முடிவு, அது வேலை செய்தது. தப்பைக் கண்டுபிடிக்க மட்டும் திரும்பிப் பார்க்கிறவர்கள் இந்த மாதிரி விஷயத்தைத் தவறவிடுவார்கள்.

ராத்திரியைக் கோடாக வரைவது

இரண்டாவது வழிக்கு ஒரு பென்சிலும் நீளமான தாளும் போதும். குறுக்கே நேரம், மேலும் கீழும் மனநிலை. வேலை தொடங்கியதிலிருந்து முடியும் வரை மனசு எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று ஒரே கோடாக இழுக்க வேண்டும். ஏறிய இடத்திலும் இறங்கிய இடத்திலும் என்ன நடந்தது என்று இரண்டு மூன்று வார்த்தை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்கிற பையன்களுக்கு இது நன்றாக உதவும். அந்த வேலை எப்படி வரும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு போன். விடிவதற்குள் சுவரில் இருக்க வேண்டும். துக்க வீட்டில் யாரையும் அதட்ட முடியாது. மறுநாள் கேட்டால், ‘செம டென்ஷன் ராத்திரி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வரையச் சொன்னால் அந்த ஒரே டென்ஷன் நாலைந்து துண்டாகப் பிரியும்.

ஒரு பையன் வரைந்த கோட்டில் முதல் பள்ளம், போட்டோ வந்த இடம். ஆதார் அட்டையை போனில் போட்டோ எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் இன்னும் நசுக்கி அனுப்பியிருந்தார்கள். அடுத்து ஒரு மேடு: அந்த முகத்தைச் சுத்தம் செய்து, பின்னணியை வெட்டி, கண்ணில் உயிர் வரவைத்த நேரம். அப்போது மணி ஒன்று, ஆனால் கோடு உச்சத்தில் இருந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய பள்ளம், கிட்டத்தட்டத் தாளின் அடி வரை. டிசைனுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் சம்பந்தமே இல்லை. கீழே போட வேண்டிய பெயர்களின் வரிசைக்காகக் காத்திருந்த நேரம் அது. மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், யார் பெயர் முன்னால் யார் பெயர் பின்னால் என்று அந்த வீட்டில் முடிவாகி வருவதற்குள் நாலு முறை திருத்தம்.

‘எனக்கு ஸ்பீடு பத்தல’ என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். கோட்டைப் பார்த்தால் ஸ்பீடு ஒரு இடத்திலும் குறைவில்லை. இப்போது யார் போன் செய்தாலும் முதலில், உறவுமுறை வாரியாகக் காலி இடம் விட்ட ஒரு பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அண்ணா, இதுல பேரை மட்டும் ரொப்பி அனுப்புங்க, வரிசை நீங்க சொல்றதுதான்” என்கிறான். போட்டோ வேலையை அதுவரை பார்த்துக்கொள்கிறான். அந்தப் பட்டியலும் ஒரு டிசைன்தான்.

பொருளைப் பேச வைப்பது

சிலருக்கு வரைவதைவிட எழுதுவது வரும். அவர்களுக்கு, செய்த பொருள் தன்னைச் செய்தவருக்கு எழுதும் கடிதம். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள், நாலாவது வரியில் சிரிப்பு நின்றுவிடும். வியாசர்பாடி கால்பந்து டீம் ஒன்றுக்கு ஜெர்ஸி செய்தவர் எழுதியதன் சாரம் இது:

‘அண்ணே, கம்ப்யூட்டர்ல என்னைப் பார்க்க நல்லாத்தான் இருந்தேன். கருப்பு உடம்பு, கருநீல நம்பர், உங்களுக்கே பிடிச்சிருந்தது. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு கிரவுண்டுல முதுகுல எட்டா ஒன்பதான்னு ரெஃப்ரிக்கே தெரியல. நெஞ்சுல ஸ்பான்சர் பேரு மட்டும் பளிச்சுன்னு தெரியுது. கழுத்துப் பட்டை எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க, அதை மட்டும் மாத்திடாதீங்க.’

‘உன் டிசைனில் என்ன குறை’ என்று நேராகக் கேட்டால் யாரும் உடனே கவசம் போட்டுக்கொள்வார்கள். கஸ்டமர் சொன்னார், டைம் இல்லை, பிரின்டர் கலரைக் கெடுத்துவிட்டான். ஜெர்ஸியின் வாயால் பேசும்போது கவசம் தேவைப்படவில்லை. அதோடு, டிசைன் செய்த இடத்தை விட்டு அது பயன்படுகிற இடத்துக்கு, அந்த மங்கலான கிரவுண்டுக்கு, மனசு தானாகப் போய் நிற்கிறது.

எண்ணுவது, உருட்டுவது, சீட்டு எடுப்பது

இவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம்.

எண்ணுவதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. நியூயார்க்கில் இருந்த ஜோர்ஜியா லூப்பி, லண்டனில் இருந்த ஸ்டெஃபனி போசவெக் என்ற இரண்டு டிசைனர்கள் 2014-ல் தொடங்கி ஒரு வருடம், வாரம் ஒரு போஸ்ட் கார்டு ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். அந்த வாரம் எத்தனை முறை நன்றி சொன்னோம், எத்தனை முறை புலம்பினோம், எத்தனை கதவு தாண்டினோம் என்று எண்ணி, அதைக் கையால் படமாக வரைந்து, பின்பக்கம் எப்படிப் படிப்பது என்ற விளக்கத்தோடு. நீங்கள் வேலையில் எதை வேண்டுமானாலும் எண்ணலாம். ‘இன்னும் கொஞ்சம் பெருசா போடுப்பா’ என்று யார் யார் எத்தனை முறை சொன்னார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். யார் வாயிலிருந்து எப்போது வருகிறது என்பதில் ஒரு ஒழுங்கு தெரியும்.

களிமண்ணிலோ அட்டையிலோ, ‘இந்த வேலை எனக்கு எப்படி இருந்தது’ என்பதை உருவமாகச் செய்து பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குவது இன்னொன்று. பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம் 1990களில் தன் சொந்த அதிகாரிகள் யோசிப்பதற்கென்று அந்தக் கட்டைகளை வைத்து இப்படி ஒரு முறையை உருவாக்கியது. குழுவாக வேலை செய்தவர்களுக்கு இது நல்லது. வாய் உள்ளவன் மட்டும் பேசுகிற நிலைமை மாறி, எல்லோர் முன்னாலும் ஒரு பொருள் இருக்கும். மெட்டீரியல் எதுவானாலும் சரி. காசிமேட்டு மீன் பெட்டித் தெர்மாகோலை மட்டும் எடுத்து வராதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் வகுப்பு முழுக்க நாறும்.

சீட்டுக் கட்டும் உண்டு. இசைக் கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975-ல், வேலையில் சிக்கிக்கொண்டால் குலுக்கி எடுக்க ஒரு சீட்டுக் கட்டு வெளியிட்டார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சின்ன யோசனை, பல நேரம் வேலைக்குச் சம்பந்தமில்லாத மாதிரி. திரும்பிப் பார்ப்பதற்கும் நாமே இப்படிச் செய்துகொள்ளலாம். விசிட்டிங் கார்டு அடிக்கிற கடையில் மிச்சம் விழும் அட்டைகளே போதும். எங்கள் கட்டில் இருக்கிற சில: ‘காசு இரண்டு மடங்கு கொடுத்திருந்தால் எதை மாற்றியிருப்பாய்?’, ‘இதை எழுதப் படிக்கத் தெரியாதவர் பார்த்தால்?’, ‘எந்தக் கரெக்‌ஷனைக் கேட்டு எரிச்சல் வந்தது, அது சரியானதா?’ கடைசிச் சீட்டை எடுக்கிறவர் முகம் மாறும்.

கவனிக்க வேண்டியவை

இவற்றில் எதற்கும் மார்க் போடக் கூடாது. மார்க் வந்தால் பொறுமையும் நேர மேலாண்மையும் திரும்ப வந்துவிடும். அதே மாதிரி, கோட்டை அழகாக வரைய வேண்டும், சுவரை போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட வேண்டும் என்று ஆரம்பித்தால், திரும்பிப் பார்க்க வந்த இடத்தில் புதிதாக ஒரு டிசைன் வேலை முளைக்கும். கிறுக்கல் போதும்.

படத்தோடு நின்றுவிடுவதும் தப்பு. சீட்டு ஒட்டினோம், களிமண் உருட்டினோம், ஜாலியாக இருந்தது என்று எழுந்து போனால் அது கைவினை வகுப்பு. கிப்ஸின் கடைசிக் கேள்வியை இங்கேதான் எடுத்து வைப்பேன். படம் பேசி முடித்த பிறகு, அதன் பின்பக்கம் ஒரே ஒரு வாக்கியம்: அடுத்த வேலையில் நான் என்ன மாற்றுவேன். ‘கவனமாக இருப்பேன்’ செல்லாது. ‘போட்டோ கேட்பதற்கு முன்னால் விலைப் பட்டியலின் அளவை முடிவு செய்து பூட்டிவிடுவேன்’ செல்லும்.

எல்லா வேலைக்கும் இது வேண்டாம். ஒரு நாளில் எட்டு பேனர் அடிக்கிறவர் எட்டையும் அசைபோட்டால் கடை சாத்திவிட வேண்டியதுதான். மனசில் குடைகிற ஒன்று, எதிர்பாராமல் நன்றாக வந்த ஒன்று, மாதத்துக்கு இப்படி இரண்டு எடுத்தால் போதும். அவற்றின் இடைப்பட்ட ஃபைல்களை மட்டும் அழிக்காமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். கடை கம்ப்யூட்டரில் இடம் இல்லையென்றால் சின்ன ஜே.பி.ஜி.யாக உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. கஸ்டமர் கொடுத்த ஆதார் போட்டோ மாதிரி விஷயங்களை அதில் சேர்க்காதீர்கள்.

கல்லூரி இன்டர்வியூவுக்கோ பெரிய ஸ்டூடியோ வேலைக்கோ போகிறவர்கள், முடிந்த டிசைன்களோடு இப்படிச் சீட்டு ஒட்டிய சுவர் ஒன்றின் போட்டோவையும் ஆல்பத்தில் வைக்கலாம். அழகான பத்து பேனர்களைப் புரட்டிக்கொண்டு போகிறவர்கள், ரோஸ் சீட்டு இருக்கும் பக்கத்தில் நின்று, “இது ஏன் காணாமல் போச்சு?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் உங்களிடம் தயாராக இருக்கும்.